நான்கு டிகிரி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். எதையும் இரண்டு முறை அளக்காமல் வாயைத் திறக்கமாட்டாள். அவள் கொழுந்தன் அதே கட்டடத்தின் மேல்மாடியில் வேதியியலாளன். வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். மருந்தாகக்கூடிய மூலக்கூறுகளை அவன் செய்து அனுப்புவான். அவை நோய்க்குக் காரணமான புரதத்தில் உண்மையிலேயே போய் ஒட்டுகின்றனவா என்று கீழ்மாடியில் இவள் பார்த்துச் சொல்வாள். வேலை இடத்தில் உறவு கொண்டாடக்கூடாது என்று இருவருக்கும் ஒரு பேச்சு. ஆனாலும் அவசரத்தில் அவன் "அண்ணி" என்று கூப்பிட்டுவிடுவான். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வருடம் அவனுடைய பதினேழாம் எண் மருந்து எல்லோரையும் மயக்கியிருந்தது. புரதத்தை மெல்லச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குலைந்துவிடும். ஏதாவது ஒன்று அதைப் பற்றிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். பதினேழைச் சேர்த்தபோது நான்கு டிகிரி கூடுதலாகத் தாங்கியது. அந்தத் தொழிலில் அது சாமானியமில்லை. துறைத் தலைவர் வியாழக்கிழமைக் கூட்டத்தில் சின்னவனையே பேசச் சொல்லிவிட்டார். மாமியாரோ, மகன் மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் குடியிருப்பு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். லிஃப்டில் ஒருவர் தன் முழங்கால் வலிக்கு அது கேட்குமா என்று அவனிடம் விசாரித்தார்.

பழைய கையிருப்பு தீரப் போகிறது என்று அவன் பதினேழை வேறு வழியில் புதிதாகச் செய்து அனுப்பினான். திங்கட்கிழமை காலை அவள் அதைச் சோதித்தாள். புரதம் இம்மியளவும் கூடுதல் சூடு தாங்கவில்லை. புரதத்தை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அப்படியே. பழைய புட்டியின் அடியில் கிடந்ததைப் போட்டாள். நான்கு டிகிரி.

அவனுடைய பழைய குறிப்பேட்டை எடுத்துப் படித்தாள். கடைசிக்கு முந்தைய படியில் துத்தநாகத் தூள், அதாவது ஜிங்க், போட்டிருந்தான். புதிய வழியில் அது இல்லை. உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் உப்பொன்றைப் பழைய மருந்தோடு கலந்து பார்த்தாள். நான்கு டிகிரியும் காணாமல் போயிற்று. பிறகு மருந்தே இல்லாமல் துளி துத்தநாகம் மட்டும் போட்டாள். நான்கு டிகிரி திரும்பி வந்தது.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு எழுந்து, லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

"சின்னவனே, கொஞ்சம் வெளிய வர்றியா?"

வேலை இடத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அதிலேயே அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை நடைபாதையில் நின்றபடி கேட்டான்.

"புதுசுல ஏதாவது தப்பு நடந்திருக்கும்."

"புதுசு சுத்தமா இருக்கு. நீ அனுப்பின ரிப்போர்ட்டே அப்படித்தான் சொல்லுது. பழசுல ஜிங்க் மிச்சம் இருக்கு. புரதத்தைப் பிடிச்சது அதுதான்."

"உங்க புரதம் கெட்டுப்போயிருக்கலாம் இல்ல?"

"அப்படித்தான் நானும் நெனச்சேன். மாத்திப் பாத்துட்டேன்."

"கூட்டத்துக்கு மூணு நாள்தான் இருக்கு, அண்ணி."

"தெரியும்."

அவன் உள்ளே போய்விட்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனுக்கோ ஒன்றரை வருடம் அடைகாத்த குஞ்சு. அன்றும் மறுநாளும் வீட்டில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உப்பு வேணும்னாகூட என் மூலமா கேக்கறீங்களே, என்னதான் நடந்துச்சு?" என்றான் அவள் கணவன். இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை காலை அவன் ஆறு சிறு குப்பிகளோடு அவள் மேசைக்கு வந்தான். அவற்றில் வரிசை எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"எது எதுன்னு சொல்லமாட்டேன். சூடு வேணாம், சிப்புல ஓட்டிப் பாருங்க."

அது தங்கம் பூசிய சின்னத் தகடு. அதன்மேல் புரதத்தைப் பதித்துவைத்து, மருந்துக் கரைசலை ஓடவிடுவார்கள். மருந்து ஒட்டினால் திரையில் கோடு ஏறும்; விட்டு விலகினால் இறங்கும். மத்தியானம் வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டாவதும் ஐந்தாவதும் ஏறின. மற்ற நான்கும் தரையோடு தரையாகக் கிடந்தன.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஏறின ரெண்டும் பழசு. மூணாவதும் பழசுதான். ஜிங்க் போக நேத்து பூரா உக்காந்து சுத்தம் பண்ணேன். மத்த மூணும் புதுசு."

அவன் தாளை மடித்தான்.

"நாளைக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"மருந்து உன்னோடது."

"அப்ப நானே சொல்லிடறேன்."

சொன்னான். மென்று முழுங்காமல் சொன்னான். நான்கு டிகிரி படத்தைக் காட்டிவிட்டு, அடுத்ததாகத் துத்தநாகப் படத்தையும் காட்டினான். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்தத் தூளைப் போட்டுச் செய்தவை இன்னும் எத்தனை என்று கேட்டார். பதினொன்று என்றான். "அதையும் பாத்துடுங்க" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று சின்னவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"அப்போ மருந்து கண்டுபிடிக்கலையா?" என்று மாமியார் அன்று மாலை கேட்டார்.

"இல்லம்மா. கண்டுபிடிக்கலைன்னு கண்டுபிடிச்சோம்."

"இதை நான் கீழ் வீட்டுல எப்படிச் சொல்வேன்?" என்று அவர் எழுந்து போனார். கணவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், கடைசியில் அவனுக்கும் அடக்க முடியவில்லை.

பதினொன்றையும் பார்த்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. இப்போதெல்லாம் அவன் குப்பிகளோடு குறிப்பேட்டையும் கொண்டுவந்து, எதில் என்னென்ன போட்டேன் என்று முதலிலேயே படித்துக் காட்டினான். பத்து விழுந்துவிட்டன. பதினொன்றாவது, உருவத்தில் எல்லாவற்றிலும் சிறியது, உலோகம் கட்டும் உப்பைப் போட்ட பிறகும் திரையில் கோட்டைச் சற்றே ஏற்றி, அதே நிதானத்தோடு இறக்கியது. அவள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

"ஒட்டுதா?"

"கொஞ்சமாத்தான். ஆனா ஒழுங்கா ஒட்டுது."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன மூலக்கூறின் எந்தப் பக்கத்தில் எதைச் சேர்க்கலாம் என்று பென்சிலால் வரைய ஆரம்பித்தான்.