யாரும் வெல்லாத சனிக்கிழமை

1979ஆம் ஆண்டு, மெல்பேர்ன் காற்பந்தாட்டத்தின் கிராண்ட் ஃபைனலில் கொலிங்வூட் அணி ஐந்து புள்ளியில் தோற்றது. ஸ்பிரிங்வேலில் வரதராஜன் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கதிர்காமநாதன், கழுத்தில் கிடந்த கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃபை எடுத்து மெதுவாக மடித்தார்.

அவர் கொலிங்வூட் ரசிகரானது இந்த ஊருக்கு வந்த வருடமே. யாழ்ப்பாணத்திலிருந்து 1973இல் வந்தார். ரயில்வேயில் எஞ்சினியர் வேலை. அபொட்ஸ்ஃபோர்டில் வாடகைக்குப் பிடித்த வீடு அந்த அணியின் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. சனிக்கிழமைகளில் மனைவி இராஜேஸ்வரி குசினியில் மீன் பொரிக்கும்போது கூட்டத்தின் இரைச்சல் கூரைக்கு மேலாக வரும். அது என்ன என்று ஒருநாள் பார்க்கப் போனவர், பிறகு எந்தச் சனிக்கிழமையும் வீட்டில் தங்கியதில்லை.

வரதராஜன் திருச்சிக்காரர். பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட். அவர் நோர்த் மெல்பேர்ன் கட்சி. ரயிலில் ஸ்கார்ஃபோடு நின்ற ஒரு தமிழனை இன்னொரு ஸ்கார்ஃபோடு நின்ற தமிழன் பார்த்து, சிரித்து, அடுத்த ஸ்டேஷனுக்குள் வாக்குவாதம் தொடங்கி உண்டான சிநேகம் அது.

"விடுங்க கதிர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் வரதராஜன். பிறகு, ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்தில் செய்வதுபோல, பழைய கதைக்குப் போனார். "என்ன இருந்தாலும் செவன்டி செவன் மாதிரி ஒரு மேட்ச் வராதுங்க. மூணாவது குவார்ட்டர் முடியறப்ப நீங்க இருபத்தேழு பாயிண்ட் முன்னாடி. நான் ஸ்கார்ஃபைக் கழட்டிப் பையில வச்சுட்டேன். அப்புறம் எங்க ஆளுங்க எழுந்தாங்க பாருங்க! அடிச்சு அடிச்சு உங்களைத் தாண்டியாச்சு. ஜெயிச்சோம்னு நான் குதிக்கிறேன், கடைசி நிமிஷத்துல உங்க ஆள் ஒருத்தன் கோல் போட்டுச் சமமாக்கிட்டான். எழுபத்தாறுக்கு எழுபத்தாறு. சைரன் அடிச்சிடுச்சு. லட்சம் பேர் வாயடைச்சு நிக்கிறோம்."

"ஓம்," என்றார் கதிர்காமநாதன்.

"நீங்க மட்டும் அப்ப அங்க இல்ல. ரெண்டு வருஷமா கேக்கறேன், தம்பிக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரே பதில். அதுக்காகக் கிராண்ட் ஃபைனல்ல, கடைசி குவார்ட்டர்ல, ஒரு கொலிங்வூட்காரன் விட்டுட்டுப் போவானா? போனவர் அடுத்த வாரம் மறு ஆட்டத்துக்கும் வரல."

இராஜேஸ்வரியும் வரதராஜனின் மனைவி கிரிஜாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கதிர்காமநாதன் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சொல்லுறன், வரதன். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது," என்றார்.

'தம்பி' என்று வரதராஜன் சொன்னது இராஜேஸ்வரியின் தம்பி சிவமணியை. 1977 ஓகஸ்ட்டில் இலங்கையில் தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அவன் மாத்தளையில் ஆசிரியராக இருந்தான். கல்யாணமாகி மூன்று வருடம்தான். மனைவி கலா, இராஜேஸ்வரியோடு கூடப் படித்தவளின் தங்கை. சம்பந்தம் பேசி முடித்ததே இராஜேஸ்வரிதான். கலவரத்தில் வீடு போய், அகதி முகாமில் காய்ச்சல் வந்து கலா இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. நைஜீரியாவுக்கு ஆசிரியர் வேலைக்குப் போவதற்காகப் புருஷனும் பெண்சாதியும் முன்பே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாஸ்போர்ட்டில் சிவமணி தனியாக மெல்பேர்னுக்கு வந்து இறங்கினான்.

வந்த நாளிலிருந்து பின்வளவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கேட்டால் பதில் சொல்வான், கொடுத்தால் சாப்பிடுவான். இராஜேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "இப்பிடியே இருந்தா இவனுக்கு விசர் பிடிச்சிடும். சனிக்கிழமை மட்சுக்கு இவனையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்," என்றாள். மூன்றாவது டிக்கெட்டை வரதராஜன்தான் எங்கேயோ அலைந்து பிடித்துக் கொடுத்தார்.

எம்.சி.ஜி. மைதானத்தில் நின்று பார்க்கும் பகுதியில் மூன்று பேரும் நின்றார்கள். முதலில் சிவமணி ஆட்டத்தைப் பார்த்தான். பந்து ஏன் முட்டை மாதிரி இருக்கிறது என்றுகூடக் கேட்டான். கதிர்காமநாதனுக்குச் சந்தோஷம். ஆட்டம் சூடேற, பின்னால் நின்றவர்கள் காலால் தரையை உதைத்துக் கத்தத் தொடங்கினார்கள். மூன்றாம் பகுதி முடிந்து கொலிங்வூட் நன்றாக முன்னால் நின்றபோது அவரும் கையைத் தூக்கிக் கத்தினார். கத்தியபடியே மைத்துனனைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினார். அவன் இல்லை.

"டாய்லெட் போயிருப்பான்," என்றார் வரதராஜன்.

கடைசிப் பகுதி தொடங்கிய பிறகும் அவன் வரவில்லை. ஊர் தெரியாது, கையில் விலாசம் இல்லை. கதிர்காமநாதன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டில் நின்றவன், போனால் திரும்ப உள்ளே விடமுடியாது என்றான். அவர் ஒருதரம் மைதானத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே பூங்காவில் புல்மீது வரிசை வரிசையாகக் கார்கள். எல்ம் மரங்கள் துளிர் விட்டிருந்தன. ஒரு மனிதரும் இல்லை. அவர் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு போனார். முதுகுக்குப் பின்னால் மைதானம் இரைந்தது. நாலைந்து வருடப் பழக்கத்தில் அவருக்கு இரைச்சலைக் கேட்டே யாருடைய கோல் என்று தெரியும். இது கொலிங்வூட்டின் சத்தம் அல்ல. நோர்த் ஏறி வருகிறது. மறுபடியும் நோர்த். அந்த நிலையிலும் கோல்களை எண்ணிக்கொண்டுதான் நடந்ததாக வரதராஜனிடம் சொன்னபோது கதிர்காமநாதன் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

இரண்டு கார்களுக்கு நடுவில், ஒரு கார்ச் சக்கரத்தில் சாய்ந்து, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான் சிவமணி.

"என்னடா? மேலுக்குச் சுகமில்லையோ?"

"அவங்கள் ஏன் அத்தான் கத்துறாங்கள்?"

"கோல் அடிச்சிட்டாங்களடா. சந்தோசத்திலை கத்துறாங்கள்."

"ஓம்," என்றான் சிவமணி. "அங்கையும் சந்தோசத்திலைதான் கத்தினவங்கள்."

கதிர்காமநாதன் அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

"கலாவுக்குக் காய்ச்சல் ஒண்டுமில்லை, அத்தான்."

பிறகு அவன் நிறுத்தாமல் சொன்னான். பின்னேரம் கூட்டம் தெருவால் ஏறி வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் பின்சுவருக்கு மேலால் வரச்சொல்லிக் கூப்பிட்டது. அவன் சுவரில் ஏறி இருந்துகொண்டு கலாவைத் தூக்கக் கையைக் கொடுத்தான். கை அவன் கைக்குள் வந்தும்விட்டது. அதற்குள் முன்கதவை உடைத்து வந்தவர்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். குதிக்கப் போனவனைப் பக்கத்து வீட்டு மனுஷன் மறுபக்கம் இழுத்து விழுத்தி, விறகு அறைக்குள் கொண்டுபோய், மேலே படுத்து வாயைப் பொத்தினார்.

"கத்துறாங்கள், சிரிக்கிறாங்கள், திருவிழா மாதிரி. அவ்வளவு சத்தத்துக்கையும் அவளின்ரை சத்தம் ஒருக்காலும் கேக்கேல்லை, அத்தான். நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தனான். கேக்கவே இல்லை."

மைதானம் மறுபடி இரைந்தது. சிவமணி கண்ணை மூடித் திறந்தான்.

"விடியத்தான் தேடி எடுத்தனாங்கள். எரிஞ்சுபோய்... உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியிலை ரெண்டு நாள் கிடந்தவள். என்னைக் கண்டவுடனை, 'நீங்கள் தப்பிட்டியள் என்ன' எண்டாள். சந்தோசமாத்தான் சொன்னவள். கோவிச்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பன்."

கதிர்காமநாதன் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அது ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அப்போது ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. அது தன்னுடைய ஆட்களின் சத்தம் என்று அவருக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வென்றவர்களுடைய ஆரவாரம் இல்லை, பாட்டு இல்லை. அந்தப் பெரிய மைதானத்துக்குள் ஒருவருமே இல்லாததுபோல இருந்தது.

வெகுநேரம் கழித்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப்காரர்களும் நீலம் வெள்ளை ஸ்கார்ஃப்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில், நிலத்தைப் பார்த்தபடி நடந்து போனார்கள். கோடு போட்ட சட்டை அணிந்த ஒரு கிழவர் தன் காரைத் தேடிக்கொண்டு வந்தார். யார் வென்றது என்று கதிர்காமநாதன் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அடுத்த கிழமை திரும்ப வரவேணும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிழவர் போனார்.

சிவமணி எழுந்து நின்று போகிறவர்களையே பார்த்தான். "சண்டை வராதோ, அத்தான்?"

"இல்லையடா."

"எல்லாரும் சும்மா வீட்டை போகினமோ?"

"ஓம். வா, நாங்களும் போவம்."

காரில் ஏறும்போதுதான் அவன் அதைக் கேட்டான். "அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. அவதானே கலாவை எனக்குத் தந்தவ. என்னாலை அவவின்ரை முகத்தைப் பாக்கேலாமப் போயிடும்."

அடுத்த சனிக்கிழமை மறு ஆட்டத்துக்குக் கதிர்காமநாதன் போகவில்லை. தொலைக்காட்சியும் வேண்டாம் என்றுதான் இருந்தார். சிவமணியே வந்து, "இண்டைக்கு மட்ச் எல்லோ? போடுங்கோ, பாப்பம்," என்றான். சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். கொலிங்வூட் துரத்தித் துரத்தி வந்து கடைசியில் தோற்றது. திரையில் லட்சம் பேர் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சிவமணி அவருடைய தோளில் கையை வைத்து, "பறவாயில்லை, அத்தான். கவலைப்படாதேங்கோ," என்றான். அன்றைக்குக் கதிர்காமநாதன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அணிக்காகத்தான் அழுகிறார் என்று இராஜேஸ்வரி நினைத்தாள்.

விசா முடிந்தபோது அவனை இங்கேயே நிறுத்த வழி தேடினார்கள். அவன் கேட்கவில்லை. திரும்பிப் போனான். யாழ்ப்பாணத்துக்கும் இல்லை, மாத்தளைக்கே போய் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். இராஜேஸ்வரிக்கு அது விளங்கவில்லை. "பெண்சாதியையும் வீட்டையும் பறிகுடுத்த ஊருக்கு ஆரும் திரும்பிப் போவினமோ? நான் அவனுக்கு ஆருமில்லை எண்டுதானே போறான்," என்று சொன்னவள், அதன் பிறகு தம்பிக்கு ஒரு வரி எழுதவில்லை. அவனுடைய பெயரை எடுத்தால் அறையை விட்டுப் போய்விடுவாள்.

கதிர்காமநாதன் சொல்லி முடித்தபோது தொலைக்காட்சியில் வென்றவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரதராஜன் போய் அதை அணைத்தார்.

"நான்தான் அவனுக்கு டிக்கெட் வாங்கினேன்," என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்கே தெரியாது."

"அக்காகிட்ட இன்னும் சொல்லலியா?"

"சொல்லவேண்டாமெண்டவன்."

"அது அவங்க முகத்தைப் பாக்க முடியாதுன்னுதானே? இப்ப மட்டும் எங்க பாக்கறான்?" என்றார் வரதராஜன். "அவங்க தம்பிமேல கோவப்படட்டும் கதிர். என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கோவப்படட்டும்."

கதிர்காமநாதன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசவில்லை. தோல்விக் கவலை என்று இராஜேஸ்வரியும் விட்டுவிட்டாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவள் இறங்குமுன் சொன்னார். ஸ்பிரிங்வேலில் வாங்கிய வெண்டிக்காய்ப் பையை மடியில் வைத்தபடி அவள் கடைசிவரை கேட்டாள். தெருவால் ஸ்கார்ஃப் கட்டிய இரண்டு பேர் குடித்துவிட்டு அழுதுகொண்டு போனார்கள்.

"சுவரிலை ஏறப் பாத்தவளோ?" என்றாள் கடைசியில். "அவளுக்கு உயரமெண்டாச் சரியான பயம். சின்னனிலை மதிலிலை ஏத்திவிட்டா அழுவாள்."



மாத்தளையில் அவனுடைய தலைமையாசிரியர் வீட்டில் தொலைபேசி இருந்தது. இராஜேஸ்வரி எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்து, இரண்டு நாள் காத்திருந்தாள். லைன் கிடைத்தது.

"அக்காவோ?" என்றது மறுபக்கம்.

"சாப்பிட்டனியோ?"

"ஓம்." கொஞ்ச நேரம் கடலிரைச்சல் மாதிரி ஒன்று கேட்டது. "அத்தான்ரை ஆக்கள் வெண்டவையோ?"

"இல்லையடா. தோத்துப் போச்சினம்."

"பாவம் அத்தான்."

"அத்தான் எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டார், சிவமணி."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. இராஜேஸ்வரி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன்னிலை ஒரு பிழையும் இல்லை. கேக்குதோ? நீ அங்கையே இரு. நான் வாறன்," என்றாள். லைன் அறுந்தது. அவன் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் அவனுடைய பள்ளி விடுமுறைக்கு அவள் தனியாக மாத்தளைக்குப் போனாள். எப்படியாவது அவனைக் கூட்டிக்கொண்டு வருவது என்றுதான் போனாள். வருட முடிவில், விமானநிலையத்தில் கதிர்காமநாதன் காத்திருந்தபோது, தள்ளுவண்டியோடு அவள் மட்டும் வெளியே வந்தாள்.

"அவன் வரமாட்டான், இஞ்சருங்கோ," என்றாள் காரில். "கலாவை எரிச்ச சுடலைக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போறான். அண்டைக்கு அவனை ஒளிச்சு வைச்ச பக்கத்து வீட்டு மனுசிதான் இரவுச்சாப்பாடு குடுக்குது. அவவுக்கு ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. நான் ஆரெண்டு விளங்கினவுடனை என்ரை கையைப் பிடிச்சா. ரெண்டு பேரும் குசினிக்கை இருந்து பொழுதுபடுமட்டும் அழுதனாங்கள்."