முதலில் செய்ய வேண்டியது எது

இருபது வருடம் கம்ப்யூட்டர் சர்வர்களோடு குடும்பம் நடத்திய மனிதருக்கு சர்வரைப் பற்றித் தெரியும் என்பதை ஒரு சான்றிதழ் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி கைமாறியதும் புது நிர்வாகம் ஒரே போடாகப் போட்டது. பரீட்சையில் பாஸானால் வேலை, இல்லாவிட்டால் வாசல். முதல் தடவை அவர் கோட்டை விட்டார். தெரியாமல் இல்லை, நேரம் போதவில்லை. பெண் பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு கேள்வியிடமும் நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார். கடியாரம் அதற்கெல்லாம் காத்திருக்குமா? இனி ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

அவர் மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வாசிக்கத் தெரியுமே! மாதிரிக் கேள்விப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசிப்பாள். அவள் முடிப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிட வேண்டும். தயங்கினால், "போச்சு" என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாள். கொஞ்ச நாளிலேயே பதில்கள் மூளையைக் கேட்காமல் வாயிலிருந்து விழ ஆரம்பித்தன. வினை அங்கேதான் இருந்தது.

அந்த வீட்டில் எடுக்கக் கூடாத பேச்சு ஒன்று உண்டு. அது அவள் தம்பியைப் பற்றியது. அவனை இதே கம்பெனியில் சேர்த்துவிட்டு, தனக்குக் கீழேயே வைத்து வேலை சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். போன வருடம் இவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் சர்வர்களில் ஏதோ கோளாறு. புதுக் கணக்கு எதுவும் ஏறாதபடி அவன் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தான். மருந்து ஏற்ற வந்த லாரிகள் பில் போட முடியாமல் பொழுது சாயும்வரை நின்றன. விசாரணை நடந்தது. முதலாளிகளுக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. அவன் தலை உருண்டது. இப்போது ஒரு மொபைல் கடையில் உடைந்த திரைகளை மாற்றிக்கொண்டிருக்கிறான். "அவசரக் குடுக்கை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று இவர் வீட்டில் சொன்னார். மனைவி அதை அப்படியே நம்பினாள். தம்பியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் அவனோடு சரியாகப் பேசுவதில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வாசித்தாள்.

"ஒன்றுக்கொன்று நகலாக இயங்கும் இரண்டு சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன்னையே தலைமை என்று எண்ணி..."

"புது என்ட்ரியை நிறுத்தணும்! மொதல்ல அதான். மத்ததெல்லாம் அப்புறம்."

"இன்னும் நான் முடிக்கவே இல்லீங்களே?"

"இதுக்கெல்லாம் முடிக்கணுமா? நான் வேலைக்குச் சேர்ந்த மாசமே தெரிஞ்சுக்கிட்டது இது. நிறுத்தாம விட்டா ரெண்டு கணக்கும் கலந்து நாறிடும்."

அவள் விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சரியான விடைதான். ஆனால் அவள் விரல் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவருக்கு அது உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

"என் தம்பி இதைத்தானே செஞ்சான்?"

அவர் புத்தகத்தை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உங்களைக் கேக்காமலா செஞ்சான்?"

பொய் சொல்ல ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார். யோசிக்காமல் பதில் சொல்லத்தானே இத்தனை நாள் பழகியிருந்தார்!

"போன் பண்ணிக் கேட்டான். நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"அப்போ விசாரணையில?"

"நான் நிறுத்தச் சொல்லலைன்னு சொல்லிட்டேன். பயந்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, அதே குரலில் அடுத்த கேள்வியை வாசித்தாள். புத்தகம் முடியும்வரை வாசித்தாள். "போச்சு" என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மறுநாள் பரீட்சை மையத்தில் கைபேசி, பர்ஸ், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். பாதி நேரம் தாண்டியதும் அந்தக் கேள்வி வந்தது. வார்த்தைகள் மாறியிருந்தன, விஷயம் அதேதான். கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடலாம். அவர் கை எழவில்லை. மைத்துனனுக்கு வேலை போன அதே காரியத்துக்கு இவருக்கு மதிப்பெண் கிடைக்கப் போகிறது. தப்பான விடையைக் குறித்தால் மனசு கொஞ்சம் ஆறுமா என்றுகூட யோசித்தார். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சரியானதையே குறித்தார். பயம் எப்போதும் அவருக்குச் சரியான வழியைத்தான் காட்டும், அவருக்கு மட்டும் சரியான வழியை.

முடித்ததும் திரையில் முடிவு வந்தது. தேறிவிட்டார். வெளியே வந்து கைபேசியைத் திறந்தால் மைத்துனனின் அழைப்புகள். அவனைக் கூப்பிட்டார்.

"அக்கா காலையில போன் பண்ணி அப்படி அழுதா. ஏன் மாமா அவகிட்டச் சொன்னீங்க?"

ஏச்சுக்குத் தயாராக நின்றவருக்கு இது புரியவில்லை.

"நீ ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"சொல்லி? எனக்கு அந்த வேலை போனா வேற வேலை. அவ வேற புருஷனுக்கு எங்க போவா? உங்களைப் பெரிய மனுஷன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. அதாவது அவளுக்கு மிஞ்சட்டும்னுதான் திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டேன். இப்ப அதுவும் போச்சு."

அவருக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. கடையில் யாரோ அவனை அதட்டிக் கூப்பிடுவது கேட்டது. "தோ வரேன் சார்" என்றான்.

"பரீட்சை என்னாச்சு மாமா?"

"பாஸ்."

"நல்லது. மொதல்ல அக்காவுக்குச் சொல்லுங்க. பாவம், உங்களுக்காக எவ்வளவு படிச்சா."