வாளை இழுத்த இழுப்பு

வழக்கமாக மீன்பிடிக்கக் கூடப் போகும் நண்பர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரி தன் புருஷனோடு அணைக்கு வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவனுக்கோ தண்ணீரைக் கண்டால் தலைகால் புரியாது.

"நீ துடுப்பு போட்டா போதும். மீதிய நான் பாத்துக்கறேன்," என்று அவளைப் படகில் ஏற்றினான்.

உயிருள்ள கெண்டை ஒன்றின் முதுகில் தூண்டில் முள்ளை ஏற்றி ஆழத்தில் இறக்கினான். வாளை மீன் இரையைக் கவ்வியதும் கொஞ்ச தூரம் ஓடும், நின்றுதான் விழுங்கும், அதுவரை தூண்டிலைச் சுண்டக் கூடாது என்றான்.

"எவ்ளோ பெருசு இருக்கும்?"

"உன் உயரம் இருக்கும். வாய்தான் உன்னோடத விடக் கொஞ்சம் சின்னது."

அவள் முறைத்துக்கொண்டிருக்கும்போதே தக்கை மூழ்கியது.

தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடி, நின்றது. அவன் சுண்டினான். படகையே இழுத்துக்கொண்டு அது நடுத்தண்ணீருக்குப் போனது. அரைமணி நேரம் கழித்து, ஓய்ந்துபோனதுபோல் படகோரம் மிதந்தது. தட்டைத் தலை, நீண்ட மீசை, வாய் முழுக்க ஊசிப்பல். இன்னும் கிட்டே கொண்டுவர, அவன் நரம்பை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

மீன் தலைகீழாகப் பாய்ந்தது.

அவன் நெஞ்சு படகின் விளிம்பில் மோதியது. தோள்வரை கை தண்ணீருக்குள் போயிற்று. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"இந்தப் பக்கம் வராத. கவுந்துரும்."

"கத்தி எங்கங்க?"

"அறுக்காத. அதுவே ஓயும்."

பதினேழு வருஷத்தில் அவள் கேட்டிராத குரல் அது. கத்தி அவன் காலடியில், இரைப்பெட்டிக்குள் கிடப்பது தெரிந்தது. எழுந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். அவள் குப்புறப் படுத்து, தேங்கிய தண்ணீரில் ஊர்ந்தாள். கத்தியை எடுத்து, அவன் கையைத் தடவிக்கொண்டே தன் கையையும் அந்தக் கலங்கலுக்குள் விட்டாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எது விரல், எது நரம்பு? வழவழவென்று ஏதோ அவள் புறங்கையை உரசிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, விறைப்பாக இருந்ததை அறுத்தாள்.

அவன் மல்லாக்க விழுந்தான். நரம்பு இறுக்கிய இரண்டு விரலில் எலும்பு தெரிந்தது. தண்ணீரைப் பார்க்காமலே அவள் கரைவரை துடுப்புப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். விரல்கள் தப்பின. கட்டோடு வெளியே வந்தவன், "அறுக்காதன்னு சொன்னேனே," என்றான்.

"காதுல விழல."

நன்றாகவே விழுந்திருந்தது. அதன் பிறகு ஒரு வாரம், துணி அலசும்போதுகூட வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கை விட்டாள். அதையும் அவனிடம் சொல்லவில்லை.