நனைந்த சட்டை

...கழற்றினால் தெரிந்துவிடும், கழற்றாமல் நனைந்தாலும் ஒட்டிக்கொண்டு தெரிந்துவிடும், பிறகு ஏன்தான் வந்தோம், குற்றாலத்தில் சாரல் என்று மனைவி அகிலாண்டேஸ்வரி ஆசையாய்க் கேட்டபோது தலையாட்டியிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றான் விஜயசங்கர். மெயினருவியில் ஆண்கள் பக்கம் எத்தனை வெற்று மார்புகள், தொப்பையும் நரைமுடியுமாக, ஒருவனுக்கும் கூச்சமில்லை, இவனுக்கு மட்டும் வயதுக்கு வந்த பெண்ணுக்குப் போல... மாத்திரையால் வந்தது. மாத்திரைக்கு முன்னால் குரல்கள் இருந்தன, பாவூர்சத்திரம் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து அவனைத் திட்டிக்கொண்டே, ஒருநாள் அவை மனைவியின் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றி, அவள் கழுத்தை... வேண்டாம், அது வேண்டாம். போலீஸ்காரனான அவள் தம்பி பரமசிவன்தான் வேட்டியால் கையைக் கட்டித் தென்காசி டாக்டரிடம் கொண்டுபோனான். மாத்திரை குரல்களை அடக்கியது, பொய்யில்லை. பிறகு எச்சில் ஒழுகியது, கை நடுங்கியது, மார்பு வீங்கியது, ஒரு காலையில் சட்டையில் ஈரம், பால், ஆம்பிளைக்குப் பால்! யாரிடம் சொல்ல? தூக்கம் வருதா என்பார் டாக்டர், பக்கத்தில் அவள் இருப்பாள், வருது சார் என்பான்.

"என்ன அத்தான், இங்கன நிக்கிய? வாங்க," என்று ஈரம் சொட்ட வந்த பரமசிவன், இவன் மார்பின் குறுக்கே கட்டியிருந்த கைகளைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "அக்கா சொன்னா, அத்தான். டாக்டர்ட்ட கேட்டா வேற மாத்திரை எழுதித் தருவாரு. இப்ப சட்டையோடயே வாங்க." அவள் சொன்னாளா? துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா, அந்தக் கறையை ஒரு வார்த்தை கேட்காமல் கசக்கியிருக்கிறாளே... தண்ணீர் உச்சந்தலையில் அறைந்தது, அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தபடி வந்தாள். "குளிச்சியளா?" இவ்வளவு தெரிந்தவளிடம் மிச்சத்தையும் சொல்லிவிட்டால் என்ன, இனி என்ன வெட்கம்... "ஏட்டி, நான் மாத்திரை முழுங்கதில்ல. கொஞ்ச நாளா வாஷ்பேசின்ல துப்பிருதேன்."

துவட்டிய கை நின்றது. "அதனால என்ன, நாளைக்கே டாக்டர்ட்ட போவோம்," என்றாள், சிரித்தாள்கூட, ஆனால் அவளையறியாமல் ஒரு எட்டு பின்னால் போய்த் தம்பியை ஒட்டி நின்றிருந்தாள். இத்தனை நாளும் மார்பையா மறைத்துக்கொண்டிருந்தான்? அவள் அதைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறதே, அவள் பார்த்துக்கொண்டிருந்தது இந்தக் கைகளை... அவளருகே போகலாமா, போனால் இன்னும் ஒரு எட்டு வைப்பாளோ...