ஆள் வருது

படகுத்துறையில் வரிசை நகரவில்லை.

"மணி என்ன?" என்றான் கணவன்.

அவள் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"என்ன, ஓடலையா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது கையில் இருந்ததுதான் தப்பு.

அவள் லிஃப்ட் மெக்கானிக். இந்த வெளிநாட்டு ஊரின் கண் ஆஸ்பத்திரியின் பழைய லிஃப்டைப் புதுப்பிக்கக் கம்பெனி அனுப்பியிருந்தது. நேற்று மாலை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நேராக விமான நிலையம் போய்க் கணவனை அழைத்துவந்தாள். வேலையோடு ஒட்டி நாலு நாள் லீவு. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வந்த முதல் ஊர்.

சோதனை ஓட்டத்தின்போது கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு சிவப்பு வயரைப் போடுவார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடிவிட்டதாக லிஃப்ட் நம்பும். முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறக்காமலிருக்க அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயரைப் போடும்போது வாட்சைக் கழற்றிப் பெட்டிக்குள் மாட்டுவாள். வாட்சை எடுக்கப் போனால் வயர் கண்ணில் படும். நேற்று விமான நேரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். வாட்ச் கையை விட்டு இறங்கவே இல்லை.

கைப்பையைத் துழாவினாள். டெஸ்டர் இருந்தது. வயர் இல்லை.

தள்ளிப் போய் மேனேஜருக்குப் போன் செய்து, வயரை உள்ளேயே விட்டுவிட்டதைச் சொன்னாள்.

"பேஷன்ட்டெல்லாம் ஏற ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

"காலைலேர்ந்து, சார். போன் பண்ணி லிஃப்ட நிறுத்தச் சொல்லிடவா?"

"வாயத் தொறக்காத. கதவு மூடித்தானே போகுது? நடுவுல எவனாவது கால விட்டாத்தான் வம்பு. சத்தமில்லாம போய்க் கழட்டிட்டு வந்துடு. அவங்க காதுக்குப் போச்சு, உனக்கும் சீட்டு கிழியும், எனக்கும் கிழியும்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவில்லை. டாக்ஸியை நிறுத்தினாள்.

"ஒரு வயருக்கா படக விட்டோம்?" என்றான் கணவன். "கடையில போனா கிடைக்காதா?"

"கம்பெனி வயர்."

"தங்கத்துல பண்ணதா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவன் பஸ் கண்டக்டர். யாராவது ஓடிவந்தால் அவனால் விசில் ஊத முடியாது. காலையில் ஹோட்டல் லிஃப்டிலும் அதே கதைதான். கதவு மூடும் நேரத்தில் காலை நீட்டி, "இருங்க, ஆள் வருது" என்றான். கதவும் பின்வாங்கியது. அவள் திட்டினாள். அவன் சிரித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அவளை அடையாளம் கண்டு சிரித்தார். கண்ட்ரோல் பெட்டி இருக்கும் மாடியறைச் சாவி கேட்டபோது சிரிப்பு நின்றது. உள்ளே போகும் பாஸைத்தான் நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டாளே. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"என்ன வேலை?"

"ஒரு வயரை மறந்துவிட்டேன்."

"அவசரமா?"

அவருக்குப் பின்னால் சுவரில் லிஃப்டை நிறுத்தும் சாவித்துளை இருந்தது. சாவி அவருடைய இடுப்பில் தொங்கியது. ஆமாம் என்றால் போதும்.

"இல்லை," என்றாள்.

பராமரிப்பு அதிகாரி வரட்டும், உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. லிஃப்ட் வந்தது, மூடியது, போனது. ஒரு தாயும் குழந்தையும் ஏறினார்கள். மூடியது, போனது.

திரும்பிப் பார்த்தபோது கணவன் லிஃப்டுக்கு எதிரே நின்றிருந்தான். மறுபடி வந்த லிஃப்டில் ஒரு நர்ஸ் மட்டும் ஏறினாள். நடையின் கோடியில், இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்ட ஒருவர் சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார்.

கதவு மூடத் தொடங்கியது.

அவன் காலை நீட்டினான். "ஹோல்டான்! ஆள் வருது!"

"கால எடுங்க!"

"அட, ஆள் வருதுல்ல," என்று அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

கதவு பின்வாங்கியது. லிஃப்டின் தரை மட்டும் மெல்ல மேலே எழுந்தது.

அவள் ஓடிவந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். ஒரு ஷூ விளிம்பில் சிக்கிக் கழன்று இருட்டுக்குள் போனது. அது கீழே விழுந்த சத்தம் கேட்டது. திறந்த வாசலில் நர்ஸின் முழங்கால் தெரிந்தது. பிறகு பாதம்.

"நிறுத்துங்கள்! சாவி!" என்று அவள் ஆங்கிலத்தில் கத்தினாள். "அவசரம்தான்! பொய் சொன்னேன். கதவை நம்பாதீர்கள், வயரை நான்தான் உள்ளே விட்டேன்!"

காவலாளி சாவியைத் திருப்பினார். லிஃப்ட் நின்றது. மேலே நர்ஸ் அழுவது கேட்டது.

கணவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"படகுத்துறைலேர்ந்தே?"

"அப்பவே."

போன் அடித்தது. மேனேஜர்.

"கழட்டியாச்சா? யாருக்கும் தெரியாதுல்ல?"

"எல்லாருக்கும் தெரியும், சார். நான்தான் சொன்னேன்."

மறுமுனையில் அவர் கத்தத் தொடங்கினார். அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். காவலாளி அவள் பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினார். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாதாம். கொடுத்தாள்.

கண்ணில் கட்டுப் போட்டவர் லிஃப்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கையைக் காற்றில் நீட்டியபடி நின்றிருந்தார். என்ன சத்தம் என்று அவருடைய மொழியில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணவன் எழுந்தான். அவளைப் பார்க்கவில்லை. ஒற்றை ஷூவோடு போய் அந்தக் கையைப் பிடித்துப் படிக்கட்டின் பக்கம் திருப்பினான்.

"பாத்து வாங்க," என்றான் தமிழில். "படி இருக்கு."