பன்னிரண்டாவது அறையின் சுவர்

மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன வரைபட நிறுவனத்தில் சபீனாவுக்கு வேலை. வெளிநாட்டுப் பழங்கட்டடங்களின் அளவுகளும் போட்டோக்களும் கம்ப்யூட்டரில் வரும். பார்த்து வரைந்து அனுப்ப வேண்டும். அந்த வருஷம் வந்தது, துருக்கியின் தெற்கே ஒரு சிற்றூரில் ஒட்டோமான் காலத்தில் கட்டிய மதரஸா.

அளவெடுத்து அனுப்பியவள் நெர்மின். சபீனாவை விடப் பத்து வயசு மூத்தவள் என்பதால் 'அக்கா' ஆகிவிட்டாள். வீடியோவில் பேசிக்கொண்டே கட்டடத்துக்குள் நடந்து காட்டுவாள். நடுவில் முற்றம். மூன்று பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம், அதையொட்டி மாணவர்கள் தங்கிய பன்னிரண்டு அறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் குவிமாடம். நாலாவது பக்கம் பெரிய குவிமாடத்தின் கீழ் பாடம் நடந்த கூடம்.

"நூறு வருஷம் முன்னாடி மதரஸாக்களை எல்லாம் மூடிட்டாங்க. இது தானியக் கிடங்காச்சு, அப்புறம் ஜெயிலாச்சு. இப்போ ஊர் நூலகம்," என்றாள் நெர்மின். "எங்கப்பா ஜெயில்ல இருந்தது இந்தப் பன்னிரண்டாவது அறையிலதான். ஆணியால சுவர்ல என்னவோ கீறி வச்சிருக்கார். கேட்டா சொல்ல மாட்டார். பழுதுபார்க்கிறவங்க மேலே பூசிடுவாங்க. நீ வரைபடத்துல குறிச்சா விட்டுடுவாங்க."

சபீனா மேலாளர் கிருபாகரனிடம் கேட்டாள்.

"இன்னாம்மா, அது கிறுக்கல். அதெல்லாம் வரைஞ்சுகினு இருந்தா வேலை எப்ப முடியும்?"

அவள் குறிக்காமலே அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நெர்மினிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பாவோட சுவரைக் காணோமே?' மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று சபீனா போனை வைத்துவிட்டாள்.

திங்கள் காலை பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் செய்தி ஓடியது. துருக்கியில் நிலநடுக்கம். அங்கே பொழுது விடியும் முன்பே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நான்கு நாள் விடாமல் அழைத்தாள். ஐந்தாம் நாள் நெர்மினோடு வேலை செய்த ஒருவர் எழுதினார். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சரிந்து, நெர்மினும் அப்பாவும் போய்விட்டார்கள். மதரஸாவும் விழுந்துவிட்டது. திரும்பக் கட்ட இன்னும் விவரமான வரைபடங்கள் வேண்டும்.

சபீனா அந்தச் சுவரின் போட்டோவைத் திறந்து, ஒவ்வொரு கீறலாக வரைய ஆரம்பித்தாள். இந்த முறை கிருபாகரன் தடுக்கவில்லை. நாட்களை எண்ணிய கோடுகள் நூற்றுக்கு மேல் இருந்தன. நடுவில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்துகள். பெரிதாக்கிப் பார்த்தாள். 'நெர்மின்' என்று இருந்தது. மகள் பிறந்த சேதி உள்ளே வந்து சேர்ந்த நாள்.

"அக்கா, உன் பேருதான்க்கா..." என்று வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

அன்றே படத்தை அனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. கட்டடத்தை எழுப்பிவிடலாம், ஆனால் அந்தப் பக்கத்துக் கற்களை இடிபாடுகளோடு ஏற்கெனவே அள்ளிப் போய்விட்டார்கள். எங்கே கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முதல் வரைபடத்திலேயே குறித்திருந்தால் தனியே எடுத்து வைத்திருப்பார்களாம்.

"ஊட்டுக்குப் போம்மா," என்றார் கிருபாகரன். "நா தப்பு பண்ணிட்டேன்."

"நானும்தான் சார்," என்றாள் சபீனா.