பரவாயில்லை

பழைய டாக்டர் கண் மங்கிப்போய் கிளினிக்கை மூடிய அன்றே லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இருபது வருடம் பார்த்த மனுஷர். அவள் கணவனை அவன் பேச்சை வைத்தே எடை போட்டுவிடுவார். அவன் புலம்பினால் சிரித்து அனுப்பிவிடுவார். "பரவாயில்ல டாக்டர்" என்றால் மட்டும் எழுந்து கதவைச் சாத்தி, சட்டையைக் கழற்றச் சொல்வார். அப்படி அவன் சொன்ன ஒரு நாள்தான் குடல்வால் வெடிக்க இருந்ததைக் கண்டுபிடித்தார்.

அந்த ஊரில் ஏதாவது ஒரு டாக்டரின் பட்டியலில் பெயர் பதிந்திருந்தால்தான் வைத்தியம். அடுத்த டாக்டருக்காக அவள் நான்கு மாதம் நாயாய் அலைந்தாள். ஓரிடத்தில் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை. இன்னோரிடத்தில் உங்கள் தெரு எங்கள் எல்லையில் வராது என்றார்கள். இதற்குள் அவனுக்கு நெஞ்சில் வலி வந்துவிட்டது. ஊரையே ஏற்றி இறக்குகிற ஆளுக்குச் சொந்த வீட்டுப் படி ஏற முடியவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

பன்னிரண்டாவது கிளினிக்கில் யாரோ வீடு மாறிப் போனதால் இருவருக்கும் இடம் கிடைத்தது. வரவேற்பில் இருந்த பெண் ஆறு பக்கப் படிவத்தை நீட்டி, டாக்டரோடு வாக்குவாதம் செய்பவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றும் சொல்லிவைத்தாள். உயரம், எடை, அப்பா எதில் இறந்தார் என்று எல்லாம் கேட்டிருந்தது. அவள் எழுத நினைத்ததற்கு மட்டும் கட்டம் இல்லை.

இளம் டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நெஞ்சு வலின்னு போட்டிருக்கீங்க. இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்."

டாக்டர் தட்டச்சு செய்தார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டாக்டர், இவரு பரவாயில்லன்னு சொன்னா..."

கணவன் முறைத்தான். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பதினோரு கதவுகள் மூடியது அவள் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாவதையும் வாயால் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள்.

ரத்த அழுத்தம் பார்த்து, வாயு மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். சீட்டில் 'வலி குறைந்துள்ளது' என்று இருந்தது. வெளியே வந்ததும் அவள் கணவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். முதல் நாளே போய் அழுது வைப்பார்களா என்று கேட்டான் அவன்.

ஒன்பதாம் நாள், ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில், கையில் ஸ்பேனரோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் வேலை பார்த்த கம்பெனிக்கு, அவன் இறப்பைப் பற்றி டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று தேவைப்பட்டது. அவள் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவளும் அந்தப் பட்டியலில் இருப்பவள்தானே. அவள் பக்கத்தைத் திரையில் திறந்தார்.

"தூக்கம், சாப்பாடெல்லாம் எப்படிம்மா? நீங்க எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல டாக்டர்," என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு அதை அப்படியே தட்டச்சு செய்தார்.